கிராம்பு வாயோடு கல்கத்தாவில்

கல்கத்தாவுக்குப் போனால் என்னென்ன சாப்பிட வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆளுக்கு ஆள் இருந்தார்கள். என்ன சாப்பிடக்கூடாது என்று சொன்னவர் ஒருவர்தான். கோயம்புத்தூரில் என் கடைவாய்ப் பல்லைக் குடைந்த டாக்டர். ரூட் கேனல் வைத்தியத்தில் முதல் நாள் வேலையை முடித்து, குடைந்த இடத்தில் மருந்தை அடைத்து, மேலே சிமென்ட் மாதிரி எதையோ பூசிவிட்டிருந்தார். "இடது பக்கம் கடிக்காதீங்க. கெட்டியா இருக்கறது, ஒட்டறது எதுவும் வேண்டாம். அடுத்த வாரம் வந்துருங்க" என்றார். என்ன வேலை பார்க்கிறேன் என்றும் மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டார். பாதி வாய் மரத்துக் கிடந்தது. "கம்பெனில" என்றேன்.

அந்தக் கம்பெனி குன்னூரில் இருக்கிறது. தேயிலையை வாங்கிக் கலந்து, பாக்கெட் போட்டு, கோவை, ஈரோடு பக்கத்து டீக்கடைகளுக்கு அனுப்புகிற சின்னக் கம்பெனி. அதில் என் உத்தியோகம் ருசி பார்ப்பது. எங்கள் மலைத் தேயிலைக்கு வாசனை உண்டு, கனம் போதாது. அதற்காக அஸ்ஸாம் தேயிலையைக் கலப்போம். அந்த வருஷம் ஒரு அஸ்ஸாம் தோட்டத்துச் சரக்கு கல்கத்தாக் கிடங்கில் மொத்தமாகக் கிடக்கிறது, சகாய விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று முதலாளிக்குத் தகவல் வந்தது. வருஷ வியாபாரம் முழுவதையும் அந்த ஒரே சரக்கில் வைத்துவிட அவர் துணிந்துவிட்டார். நான் போய்க் குடித்துப் பார்த்து, நல்லது என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

"பல்லுல வைத்தியம் நடக்குதுங்க. ஒரு வாரம் தள்ளிப் போகட்டுங்களா?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"பல்லுல என்னங்க ராமலிங்கம்? உங்க வேலை நாக்குலதானுங்க" என்றார் முதலாளி. அதற்குமேல் பேச்சில்லை.

தொண்ணூறுகளின் ஒரு மார்கழியில், கன்னத்தைக் கையால் பிடித்தபடி ஹௌராவில் இறங்கினேன். ஊரே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. குன்னூர்க்காரனுக்கு அது குளிரே இல்லை. ஆனால் டாக்ஸி ஒவ்வொரு டிராம் தண்டவாளத்தையும் தாண்டித் தாண்டி டாலிகஞ்ச் போய்ச் சேர்வதற்குள், சாலையின் மேடு பள்ளம் அத்தனையும் என் பல்லில் பதிவாகிவிட்டது.

டாலிகஞ்சில் என் மனைவியின் சித்தப்பா மகள் செண்பகம் இருந்தாள். கணவர் சுப்பையாவுக்குத் துறைமுகத்தில் வேலை. இரண்டு பேரும் திருநெல்வேலி. வந்து பல வருஷம் ஆகியும் அவர்கள் பேச்சில் தாமிரபரணி வற்றவில்லை.

"வாங்க அத்தான். என்னது, கன்னம் இப்பிடி வீங்கியிருக்கு?"

"பல்லு."

"அப்பன்னா சொதி வச்சுத் தாரேன். சோத்தைக் குழைய வடிச்சா கடிக்கவே வேண்டாம்."

சொதி என்பது அவர்கள் ஊர்த் தேங்காய்ப் பால் குழம்பு. அதில் இஞ்சியும் பூண்டும் உண்டு. மறுநாள் ருசி பார்க்கப் போகிறவன் பூண்டைத் தொடக்கூடாது. வெங்காயம் கூடாது, வெற்றிலை கூடாது, மிளகாய் கூடாது. அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பல் வேண்டாம் என்றதைப் பல்லுக்காகவும், நாக்கு வேண்டாம் என்றதை நாக்குக்காகவும் தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் மிஞ்சியது தாளிக்காத தயிர் சாதம்.

"கடுகு கூட இல்லாம எப்பிடி எறங்கும்? ஆஸ்பத்திரிச் சோறு மாதிரில்லா இருக்கும்" என்றாள். அப்படித்தான் இருந்தது. அதைவிட மோசம், தயிர் சாதத்தில் கிராம்பு வாசனை அடித்தது.

பல்லில் அடைத்த மருந்தில் கிராம்பு எண்ணெய் உண்டு என்று அப்போதுதான் உறைத்தது. ரயிலில் வந்த மட்டமான காப்பிக்கும் அதே மணம் இருந்தது. ரயில்வேக்காரர்களைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். இப்போது உப்பைத் தொட்டு வைத்தாலும் கிராம்பு, தண்ணீர் குடித்தாலும் கிராம்பு. ருசி பார்ப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இதைவிடப் பயம் தருவது வேறொன்று இருக்க முடியாது. இரவெல்லாம் உப்புத் தண்ணீர் கொப்பளித்தேன்.

மறுநாள் காலை மெட்ரோவில் டல்ஹவுசிப் பக்கம் போனேன். காளிகாட் தாண்டியதும் வண்டி சுரங்கத்துக்குள் நின்று, விளக்கும் ஒருமுறை அணைந்து எரிந்தது. பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை மடிக்கக்கூட இல்லை. "தினமும் இப்படித்தானா?" என்று இந்தியில் கேட்டேன். "இல்லை இல்லை, என்றைக்காவதுதான். உலகத்திலேயே சுத்தமான மெட்ரோ இது" என்று வங்காளமும் இந்தியும் கலந்து சொல்லிவிட்டுப் படிக்கப் போனார். எங்கள் ஊரில் பஸ் நின்றால் முதலில் டிரைவரின் குடும்பத்தைத்தான் விசாரிப்போம்.

சரக்கை விற்பவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த தரகர் தத்தா பாபு. அறுபதை நெருங்கியவர், வெள்ளை ஜிப்பா, மென்மையான பேச்சு. தன் ஆபீஸ் மேஜையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, சரியாக ஊறவிட்டு, வடித்து வைத்திருந்தார். ஒரு கரண்டி அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, வாய் முழுக்க உருட்டித் துப்பினேன். கிராம்பு. அடுத்த கோப்பை, கிராம்பு. கடைசிக் கோப்பை வரைக்கும் கிராம்பு.

தத்தா பாபு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உடம்பு சரியில்லையா?" என்றார் ஆங்கிலத்தில். பல் விஷயத்தைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. முதல் உறிஞ்சலில் என்ன சொல்கிறோமோ அதுதான் சொல். அப்புறம் மாற்றிப் பேசுகிறவன் நாக்கை யாரும் நம்ப மாட்டார்கள். நான் ஒரு கணக்குப் போட்டேன். கிராம்பு என் வாயில் இருப்பது. எல்லாக் கோப்பையிலிருந்தும் அதைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது தேயிலை. அந்த மிச்சத்தில் நிறம் இருந்தது, கனம் இருந்தது, நாக்கின் ஓரத்தைப் பிடிக்கிற கடுப்பும் இருந்தது. இருபது வருஷ அனுபவம் இதைக்கூடவா செய்யாது என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். சரக்கு நான்கு லாட்டாக, தனித்தனித் தொகுதியாக இருந்தது. லாட்டுக்கொரு பொட்டலமாக நான்கு சாம்பிள் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மதியம் அழைத்துப்போய் உபசாரம் செய்தார். சுடச்சுடக் கொச்சூரி என்கிற பருப்புப் பூரி, மொறுமொறு மீன் வறுவல், எல்லாம் அவர் தட்டுக்கு. எனக்கு வெறும் சோறும், மண் சட்டியில் உறைந்த இனிப்புத் தயிரும். தயிரில் இருந்த சர்க்கரை பல்லின் இடுக்கில் புகுந்து மண்டை வரைக்கும் ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "கல்கத்தாத் தயிரைச் சாப்பிட்டு அழுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றார் தத்தா பாபு பெருமையாக.

சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து முதலாளியைக் கூப்பிட்டேன்.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லாத்தானுங்க இருக்குது."

"நாளைக்கு அங்க பந்த்தாமுங்க. கிடங்குக்கெல்லாம் போக முடியாது. குஜராத்துக்காரங்க வேற கேட்டுட்டு இருக்கறாங்களாம். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சொல்லலீன்னா அவங்களுக்கு. நான் முடிச்சுப்போடறனுங்க."

சரிங்க என்றேன். பூத்துக்காரனிடம் காசைக் கொடுத்துவிட்டு டாலிகஞ்சுக்கு மெட்ரோ பிடித்தேன்.

பந்த் அன்று கல்கத்தா வேறு ஊராகிவிடுகிறது. டிராம் இல்லை, பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. முக்கிய சாலையின் நடுவில் செங்கல்லை அடுக்கிக் கிரிக்கெட் ஆடினார்கள். ஒரு பெரியவர் நாற்காலியைத் தெருவுக்கே கொண்டுவந்து போட்டுக்கொண்டு அம்பயர் வேலை பார்த்தார். நம் ஊரில் பந்த் என்றால் கல்லெறி, கதவடைப்பு, கவலை. இங்கே பண்டிகை. சுப்பையா காலையிலேயே மாடி வீட்டுக்குக் கேரம் ஆடப் போய்விட்டார்.

மதியம் மூன்று மணிவாக்கில் அடுத்த வீட்டு மாஷிமா வந்தார். சின்னம்மா என்று அர்த்தம். அந்தக் குடியிருப்புக்கே அவர் மாஷிமா. வெள்ளைச் சேலை, தலைப்பின் நுனியில் சாவிக் கொத்து, கையில் ஒரு தட்டு. விருந்தாளி வந்திருக்கிறாராமே என்று தட்டை நீட்டினார். மோவா. குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கிற ஈச்ச வெல்லத்தில் நெற்பொரியைப் பிசைந்து பிடித்த உருண்டை. எங்கள் ஊர்ப் பொரி உருண்டை பல்லை உடைக்கும். இது விரல் பட்டாலே உதிர்கிறது. வேண்டாம் என்று சைகை காட்டினேன். பல்லைக் காட்டினேன். "இதற்குப் பல்லே வேண்டாமே, என் வாயில் எத்தனை பல் இருக்கிறது பார்" என்று வாயைத் திறந்து காட்டினார். செண்பகம் மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டு, "வேண்டாம்னு சொல்லாதிய அத்தான், மனசு சங்கடப்படுவாங்க" என்றாள்.

வலது பக்கம்தான் வைத்தேன். பொரி வலது பக்கமே இருந்தது. வெல்லம் இருக்கவில்லை. கரைந்து, இழுபட்டு, இடது பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. நாக்கால் எடுக்கப் பார்த்தேன். வெல்லத்தோடு கூட இன்னொன்றும் நாக்கோடு வந்துவிட்டது. டாக்டர் பூசிய சிமென்ட், அதன் அடியில் இருந்த மருந்துப் பஞ்சு, எல்லாம்.

நாக்கு நுனியில் ஒரு பள்ளம் தட்டியது. பந்த் நாளில் எந்தப் பல் டாக்டர் கடை திறப்பார்? மாஷிமா கன்னத்தைத் தட்டி என்னமோ ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். செண்பகம் உப்புப் போட்டு வெந்நீர் கொண்டுவந்தாள். கொப்பளித்தேன், மறுபடியும் கொப்பளித்தேன், அப்புறம் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். வலியில் உயிர் போய் வந்தது.

ஆனால் தண்ணீர் தண்ணீராக இருந்தது.

இன்னொரு வாய் குடித்துப் பார்த்தேன். கிராம்பு இல்லை. தயிரைக் கேட்டு வாங்கி நக்கிப் பார்த்தேன். தயிர் தயிராகப் புளித்தது. சமையலறையில் நின்றபடி பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். செண்பகம் பயந்துபோய்ப் பார்த்தாள்.

அடுத்த நிமிஷம் சிரிப்பு நின்றுவிட்டது. பையில் நான்கு பொட்டலம் இருந்தது ஞாபகம் வந்தது.

"செண்பகம், ஒரே மாதிரி டம்ளர் நாலு வேணும். தட்டு நாலு. வெந்நீர் நல்லாக் கொதிக்கட்டும்."

"இந்த வலியோட என்ன செய்யப் போறிய?"

"டீ குடிக்கப் போறேன்."

டம்ளரில் தூளைப் போட்டு, வெந்நீர் விட்டு, தட்டால் மூடி, ஊறியதும் வடித்தேன். எந்த டம்ளர் எது என்று எனக்குத் தெரியாதபடி செண்பகத்தையே இடம் மாற்றி வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். சூடான தேநீர் அந்தப் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். முதல் டம்ளர் சுத்தம். இரண்டாவது சுத்தம். மூன்றாவதில் கிராம்பு.

வாயைக் கழுவிவிட்டு மறுபடி மாற்றி வைக்கச் சொன்னேன். இந்த முறை முதல் டம்ளரிலேயே கிராம்பு, மற்ற மூன்றும் சுத்தம். அவள் எங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தாலும் நாக்கு அந்த ஒரு டம்ளரைத்தான் பிடித்தது. அது நாலாவது லாட் பொட்டலத்துத் தூள் என்றாள் அவள். என் வாயில் இருந்திருந்தால் நாலிலும் அல்லவா இருக்க வேண்டும்? தேயிலை பக்கத்தில் இருப்பதன் வாசனையை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளும். எந்த மணத்தை என்னுடையது என்று நேற்றுக் கழித்துத் தள்ளினேனோ, அதே மணம் அந்த லாட்டில் நிஜமாகவே ஏறியிருந்தது. அதைக் கலந்து பாக்கெட் போட்டால் ஈரோட்டு டீக்கடைக்காரன் திருப்பி எறிவான். அத்தோடு கம்பெனி தீர்ந்தது.

அப்படியும் சந்தேகம் விடவில்லை. வலி கிறுகிறுக்க வைத்தது. நேற்று ஏமாற்றிய நாக்கை இன்று எப்படி நம்புவது? "நீ கொஞ்சம் குடிச்சுப் பாரேன்" என்றேன் செண்பகத்திடம்.

"எனக்கு நாலு நாளா மூக்கு அடைச்சுக் கெடக்கு அத்தான். மண்ணெண்ணெயும் தெரியல, மல்லிப்பூவும் தெரியல."

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். சுப்பையா கேரம் முடிந்து கீழே வந்தார். மேஜையில் மிச்சமிருந்த டம்ளர்களில் ஒன்றை எடுத்து, செண்பகத்திடம் பாலும் சர்க்கரையும் வாங்கிக் கலந்து, ஒரு மடக்குக் குடித்தார்.

"ஏ செண்பகம், இன்னைக்கு என்ன மசாலா டீயா? கிராம்பு தூக்கலா இருக்கே" என்றார்.

அவர் கையில் இருந்தது அந்த டம்ளர்தான்.

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. எஸ்.டி.டி. பூத்துகள் எல்லாம் இழுத்துச் சாத்தியிருந்தன. சுப்பையா வீட்டுப் போனில் வெளியூர் பேச முடியாது. "மாஷிமா வீட்டுல உண்டு, மகன் டெல்லியில இருக்கான்லா" என்று செண்பகம் என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள். போனின் டயலில் பூட்டுத் தொங்கியது. மாஷிமா சேலைத் தலைப்பை எடுத்து, சாவிக் கொத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அலமாரிச் சாவி, அரிசி டின் சாவி, பூஜை அறைச் சாவி. எனக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. பூட்டுத் திறந்து, சுழற்றினால் முதலாளி லைன் பிஸி. விற்பவரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது. மறுபடி சுழற்றினேன். மறுபடி பிஸி. விரல் வலிக்கும்வரை சுழற்றிய பிறகு மணி அடித்தது.

"முடிச்சுட்டீங்களா?" என்றேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இப்பத்தானுங்க கூப்பிடப் போறேன். மருமகன்கிட்டப் பேசிட்டு இருந்தேன்."

"வேண்டாமுங்க. ஒரு லாட்டுல கிராம்பு ஏறியிருக்குது."

முதலாளி மெதுவாகச் சொன்னார். "நேத்து நல்லாருக்குதுன்னீங்க."

"நேத்து என் வாயிலயும் கிராம்பு இருந்துதுங்க. மருந்து. இன்னைக்கு அது உழுந்துருச்சு."

"நாளைக்குத் திரும்ப அடைச்சா, நல்லாருக்குதும்பீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் இல்லை, என்மேல். "ஒரு நாள் தவணை வாங்குங்க. கிடங்குல மூட்டையப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"தவணை கேட்டா குஜராத்துக்காரன் தூக்கிட்டுப் போயிருவான். சரி, கேக்கறேன். ஆனா ஒண்ணுங்க ராமலிங்கம். அங்கயும் ஒண்ணும் இல்லீன்னா, இனி ருசி பாக்கறதுக்கு மருமகனை உட்டுக்கறேன். நீங்க சிரமப்பட வேண்டாம்."

போனை வைத்தேன். மாஷிமா பூட்டை மாட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, செண்பகத்திடம் வங்காளத்தில் ஏதோ சொன்னார். "பாவம், பல்லு ரொம்ப வலிக்கும் போலன்னு சொல்லுதாங்க" என்றாள் அவள்.

மறுநாள் தத்தா பாபுவோடு டாக்ஸியில் கிதர்பூர் கிடங்குக்குப் புறப்பட்டேன். கன்னம் பன்னாக வீங்கியிருந்தது. காலையில் உள்ளே போனது ஆறிய கஞ்சி மட்டும். "உங்கள் முதலாளி ராத்திரி பேசினார். சரக்கில் குறையில்லை, உங்கள் ஆளின் பல்லில்தான் குறை என்று சொன்னேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்" என்றார் அதே மென்மையான குரலில். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பலுக்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். லாரிகளும் டாக்ஸிகளும் இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. கப்பல் அவசரமே இல்லாமல் ஊர்ந்தது. மண் குவளையில் டீ விற்றவன் ஜன்னலோரம் வந்தான். தத்தா பாபு ஒன்று வாங்கிக் குடித்தார். இருபது வருஷம் ருசி பார்த்தவனை மருமகன் பெயரைச் சொல்லி மிரட்டும்படி ஆகிவிட்டதே என்று எனக்கு அழுகையாக வந்தது.

கிடங்கில் வாசலோரம் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பிரித்தார்கள். முகர்ந்தேன். சுத்தம். நடுவில் இருந்தவை சுத்தம். தத்தா பாபு கடிகாரத்தைப் பார்த்தார். "கடைக்கோடியில் இருப்பதைப் பிரிக்கச் சொல்லுங்கள்" என்றேன். நாலாவது லாட் அங்கேதான் இருந்தது, தடுப்புச் சுவரை ஒட்டி. சுவர் கூரை வரைக்கும் எட்டவில்லை. மேலே ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடைவெளி.

மூட்டையைப் பிரித்ததும் தத்தா பாபுதான் முதலில் கையை விட்டு அள்ளினார். மூக்கருகே கொண்டுபோனார். கையை இறக்கிவிட்டு மறுபடி கொண்டுபோனார். பிறகு கிடங்குக் காவலாளியிடம் வங்காளத்தில் ஏதோ கேட்டார். காவலாளி சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னான். எனக்கு வங்காளம் தெரியாது. ஆனால் அதற்குள் எனக்கே மணத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது கிராம்பு மூட்டைகள்.

தத்தா பாபு கையில் இருந்த தூளைத் தட்டிவிட்டார். "நான் உங்கள் முதலாளியிடம் பேசுகிறேன்" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் பேசினார். வெளியே ஒரு பூத்தில் அவரே சுழற்றி, பல்லைக் குறை சொன்னது தன் தவறு என்று சொல்லிவிட்டு, என்னிடம் கொடுத்தார்.

"அந்தச் சரக்கே வேண்டாமுங்க. விட்டுருவோம். வேற பாருங்க" என்றார் முதலாளி. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"பல்லு எப்படிங்க இருக்குது?" என்றார்.

"பாத்துக்கறேனுங்க" என்றேன்.

தத்தா பாபுவே பாலிகஞ்சில் தன் டாக்டரிடம் கொண்டுபோய் விட்டார். டாக்டர் இளம் பெண். சீழைக் கழுவி, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பல் போயிருக்கும் என்று திட்டி, அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு நிறச் சீசாவை எடுத்தார். மூடியைத் திருகியதும் அறை முழுக்கக் கிராம்பு மணத்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வலிக்காது" என்றார் ஆங்கிலத்தில். "உங்களுக்கு என்ன வேலை?"

"தேயிலை ருசி பார்ப்பது. நாளைக்கும் பார்க்க வேண்டும்" என்றேன், நிறுத்தி, தெளிவாக.

அவர் சீசாவை மூடி வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். "கிராம்பு இல்லாத மருந்தும் இருக்கிறதே. உங்கள் ஊர் டாக்டரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரே இதைத்தான் வைத்திருப்பார். அவர் கேட்கவே இல்லையா?"

"கம்பெனில" என்று அவரிடம் சொன்னது ஞாபகம் வந்தது. வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டேன். திறந்த வாயால் பதில் சொல்ல முடியாதது நல்லதாகப் போயிற்று.